ராத்திரி கிளாஸ் மாணவன் கட்டிய கல்லூரி



மெக்கின்டாஷ் என்றதும் சிலருக்கு மழைக்கோட்டு ஞாபகம் வரும். சிலருக்கு ஆப்பிள் கம்பெனி கம்ப்யூட்டர் ஞாபகம் வரும். நான் சொல்ல வந்த ஆள் ரெண்டும் இல்லை. மழைக்கோட்டுத் துணியைக் கண்டுபிடித்த மெக்கின்டாஷும் அதே கிளாஸ்கோ ஊர்க்காரர்தான். ஆனால் அவர் வேறு, இவர் வேறு. நம்ம ஆள் பெயர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ். 1868 ஜூன் 7ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்து, 1928 டிசம்பர் 10ல் லண்டனில் கண்மூடியவர். கட்டடக் கலைஞர், நாற்காலி வடிவமைத்தவர், ஓவியர். இதெல்லாம் ஆவதற்கு முன்னால், ஏறக்குறைய பத்து வருஷம் பகலில் ஆபீஸ், ராத்திரியில் கிளாஸ் என்று ஓடிய ஒரு மாணவர்.

சுவனீர் கமிட்டியில் வாழ்க்கை வரலாறு எழுதக் கேட்டபோது ராமானுஜன், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் எல்லாரையும் மற்ற டிபார்ட்மென்ட்காரர்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று! நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். காரணம் நம்ம ப்ராஜெக்ட்தான். ஆர்க்கிடெக்சர் பிரிவில் பைனல் இயரில் பில்டிங் டிசைனும் செய்கிறோம், ஃபர்னிச்சரும் செய்கிறோம். பில்டிங் ஒரு கட்டு ஷீட். நாற்காலி தனி ஷீட். பிளான், எலிவேஷன், ஐசோமெட்ரிக் எல்லாம் பளபளவென்று இருக்கும். வைவாவில் எக்ஸ்டெர்னல் வந்து, இந்த நாற்காலி எந்த ரூமில், எந்தச் சுவருக்கு முன்னால் கிடக்கப் போகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதிப் பேர் மோட்டுவளையைப் பார்க்கிறார்கள். அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கத் தனக்குத் தானே கேட்டுக்கொண்ட மனுஷன் இந்த மெக்கின்டாஷ்.

வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். இவர் நாலாவது. அப்பா போலீஸ் துறையில் எழுத்தர் வேலை. வசதி என்று சொல்ல முடியாது. பையனுக்கு ஒரு காலில் ஊனம், நடந்தால் லேசாகச் சாய்ந்து நடப்பான். ஒரு கண்ணிமையும் சற்றுத் தொங்கும். அப்பாவுக்குத் தோட்டம் என்றால் உயிர். பையனுக்குச் செடி கொடிகளை வரைவதில் பைத்தியம் பிடித்தது அங்கேதான். பின்னாளில் நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் மொட்டும் தண்டும் விதையுமாக வந்து நின்றவை எல்லாம் அந்தத் தோட்டத்து முளைகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் ஆர்க்கிடெக்ட் ஆகப் பெரும்பாலானவர்கள் பட்டம் படிக்கப் போகவில்லை. ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் பயிற்சியாளாகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் டிராயிங் காப்பி எடுத்தே கற்றுக்கொள்வார்கள். நம்ம சாண்ட்விச் கோர்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன், என்ன, அதில் ரொட்டிதான் அதிகம்! மெக்கின்டாஷ் 1884ல், 16 வயதில், ஜான் ஹட்சிசன் என்பவரிடம் சேர்ந்தார். அதை ஒட்டியே கிளாஸ்கோ ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டில் ராத்திரி வகுப்பிலும் சேர்ந்துவிட்டார். அந்த ஸ்கூலுக்கு அப்போது சொந்தக் கட்டடம் கிடையாது. சாக்கிஹால் தெருவில் நகராட்சிக்குச் சொந்தமான கலைக்கூடக் கட்டடத்தில், ஒரு பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தது.

பகல் முழுக்க ஆபீஸில் நின்றுகொண்டே கோடு போட்ட கை, சாயங்காலம் மறுபடி பென்சில் பிடிக்கும். இது எப்படி இருக்கும் என்று பார்ட் டைம் டிப்ளமோ படிக்கும் நண்பர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நானே சாயங்காலம் ஒரு சின்ன டிராப்டிங் ஆபீஸில் உட்கார்ந்து பிளான் போடுகிறவன். கண் எரியும். ஆனால் ஒரு விஷயம், கிளாஸில் படித்த செக்‌ஷன் அன்றைக்கே ஆபீஸில் உபயோகப்படும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அது முழுநேர மாணவனுக்குக் கிடைக்காது. மெக்கின்டாஷுக்கு அந்தச் சந்தோஷம் பத்து வருஷம் கிடைத்திருக்கிறது.

படித்தது என்னமோ பழைய பாடத்திட்டம்தான். கிரேக்கத் தூண், ரோமன் வளைவு, பிளாஸ்டர் பொம்மையைப் பார்த்து வரைதல். நாடு பூராவும் உள்ள ஆர்ட் ஸ்கூல்களின் மாணவர் வேலைகளை லண்டனில் சவுத் கென்சிங்டனுக்கு அனுப்பி, அங்கே தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பார்கள். நம்ம பேப்பர் எல்லாம் வேறு ஊருக்கு வேல்யுவேஷனுக்குப் போகிற மாதிரி. இவருடைய மாணவர் ப்ராஜெக்ட்கள் வரிசையாக அங்கே போய் மெடல் வாங்கின. அறிவியல் கலை அருங்காட்சியகம் ஒன்றுக்கு வரைந்த டிசைனுக்கு வெள்ளி. 1892ல் ஒரு சாப்டர் ஹவுஸ், அதாவது பாதிரிமார் கூடிப் பேசும் மண்டபம், அதற்குத் தங்கம்.

இதற்கெல்லாம் முன்னால் 1890ல் வந்த பரிசுதான் பெரிசு. அலெக்சாண்டர் தாம்சன் என்ற கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் பெயரில் ஒரு பயண உதவித்தொகை இருந்தது. ஒரு பொது மண்டபம் வரைய வேண்டும், அதுவும் தாம்சனுக்குப் பிடித்த பழைய கிரேக்க பாணியில். மெக்கின்டாஷுக்கு மனசு கிடந்தது ஸ்காட்லாந்துப் பழங்கோட்டைகளில். இருந்தாலும் கேட்டதைக் கேட்டபடி வரைந்து கொடுத்து 60 பவுண்டு பரிசை வாங்கினார். அந்தப் பணத்தில் 1891ல் இத்தாலி முழுக்கச் சுற்றினார். போவதற்கு முன்னால் அதே வருஷம் கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் சங்கத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எதைப் பற்றி? கிரேக்கத்தைப் பற்றி அல்ல, ஸ்காட்லாந்துக் கோட்டை வீடுகளைப் பற்றி! வயது 22. பரிசுப் பணத்தை ஒரு கையில் வாங்கிக்கொண்டு மறு கையால் தன் கொள்கையைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்லலாம். இதில் தப்பில்லை என்பது என் கட்சி. சிலபஸுக்கு எழுதுவதும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

1889லேயே அவர் ஹனிமேன் அண்டு கெப்பி என்ற பெரிய ஆபீசுக்கு டிராப்ட்ஸ்மேனாக மாறிவிட்டார். அங்கே ஹெர்பர்ட் மெக்நேர் என்ற நண்பர். ரெண்டு பேரும் ராத்திரி வகுப்பில் ஒன்றாகப் படித்தார்கள். ஸ்கூலின் தலைமை ஆசிரியர் பிரான்சிஸ் நியூபெரி கவனித்த ஒரு விஷயம்தான் இந்தக் கதையில் திருப்புமுனை. பகல் வகுப்பில் மார்கரெட், பிரான்சஸ் என்று மெக்டொனால்டு சகோதரிகள் ரெண்டு பேர். அவர்கள் வரைவதும் ராத்திரிப் பையன்கள் ரெண்டு பேர் வரைவதும் ஒரே சாயலாக இருந்தன. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது! நியூபெரி நாலு பேரையும் சேர்த்து வைத்தார். போஸ்டர், உலோகத் தகட்டு வேலை, ஃபர்னிச்சர் எல்லாம் கூடிச் செய்தார்கள். நீண்டு மெலிந்த உருவங்களாக அவர்கள் வரைந்ததைப் பார்த்த ஆங்கிலேய விமர்சகர்கள் பேய்ப் பள்ளி என்று கேலிப் பெயர் வைத்தார்கள். கேலி செய்யட்டுமே! மெக்நேர் 1899ல் பிரான்சஸைக் கட்டினார், மெக்கின்டாஷ் 1900ல் மார்கரெட்டைக் கட்டினார். ஒரு வாத்தியார் ரெண்டு வகுப்பு டிராயிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் விளைந்தது இவ்வளவும்.

இனி கட்டடத்துக்கு வருவோம்.

1896ல் கிளாஸ்கோ ஸ்கூல் ஆஃப் ஆர்ட்டுக்குச் சொந்தக் கட்டடம் கட்டப் போட்டி அறிவித்தார்கள். இடம் ரென்ஃப்ரூ தெருவில் ஒரு செங்குத்தான சரிவு. நீளவாட்டம் அதிகம், அகலம் கம்மி. பட்ஜெட் 14,000 பவுண்டு. கேட்ட ரூம்களைப் பார்த்தால் அந்தப் பணத்துக்கு முடியாது. போட்டியில் கலந்துகொண்ட ஆபீஸ்கள் ஆட்சேபித்தன. கடைசியில் பணத்துக்கு ஏற்ற பகுதியை மட்டும் முதலில் கட்டலாம் என்று ஆயிற்று. ஹனிமேன் அண்டு கெப்பி அனுப்பிய டிசைன் ஜெயித்தது. அதை வரைந்தது, இரண்டு வருஷம் முன்பு வரை அதே ஸ்கூலில் ராத்திரி கிளாஸ் படித்துக்கொண்டிருந்த 28 வயது டிராப்ட்ஸ்மேன்!

கிழக்குப் பாதி 1897லிருந்து 1899க்குள் எழுந்தது. மொட்டையான கல் சுவர். ஆனால் தெருப் பக்கம் பார்த்தால் ஸ்டுடியோ ஜன்னல்கள் ராட்சச சைஸ். வடக்குப் பக்கம் அது. வடக்கு வெளிச்சத்தில் வெயில் நேராக விழாது, நிழல் நகர்ந்துகொண்டே இருக்காது, வரைகிறவனுக்கு நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். ராத்திரி விளக்கில் பத்து வருஷம் வரைந்தவனுக்கு அல்லவா தெரியும் பகல் வெளிச்சத்தின் அருமை! அந்த ஜன்னல்களுக்கு முன்னால் இரும்பில் வளைந்த கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும், முனையில் பூ மாதிரி முடிச்சு. பார்த்தால் அலங்காரம். உண்மையில் ஜன்னல் துடைக்கிற ஆள் பலகை போட்டு நிற்க அவை தாங்கி. மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: அடித்தளத்தில் மின்விசிறி வைத்துக் காற்றை இழுத்து, சூடாக்கி, சுவருக்குள் டக்ட் வழியாக எல்லா ஸ்டுடியோவுக்கும் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. இந்த டக்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு இடத்தில் வரும்.

1899 டிசம்பரில் முதல் பாதியைத் திறந்தார்கள். பெருமை ஆபீசுக்குப் போயிற்று. வரைந்த கைக்குத் தனியாக மரியாதை எதுவும் கிடைக்கவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிற டிராப்ட்ஸ்மேன், அவ்வளவுதான். புதிய நூற்றாண்டு பிறந்து பார்ட்னர் ஆன பிறகுதான் ஆபீஸ் போர்டில் அவர் பெயர் ஏறியது. ஷீட்டின் வலது கீழ் மூலையில் டைட்டில் பிளாக் என்று ஒன்று போடுகிறோமே, வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று, அதில் முதல் கட்டம் காலியாகவே கிடக்கும் ஷீட்களை நானும் ஆபீஸில் நிறையப் பார்த்துவிட்டேன். இங்கே அதற்கு மேல் எழுத விரும்பவில்லை. மெக்கின்டாஷ் தன் பெயர் விஷயத்தில் லேசுப்பட்டவர் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலையே வாலிபத்தில் மாற்றிக்கொண்டவர் அவர். 

இப்போது நாற்காலி. இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கிளாஸ்கோவில் கேட் க்ரான்ஸ்டன் என்ற அம்மாள் டீ ரூம்கள் நடத்தினார். சாராயக் கடைக்கு மாற்றாக ஜனங்கள் உட்கார்ந்து டீ குடித்துப் பேச ஒரு கௌரவமான இடம். நம்ம ஊர் காபி கிளப் மாதிரி, ஆனால் அலங்காரம் பிரமாதம். ஆர்கைல் தெருக் கிளைக்கு 1897-98ல் ஃபர்னிச்சர் செய்யும் வேலை மெக்கின்டாஷுக்கு வந்தது. சுவர் அலங்காரம் ஜார்ஜ் வால்டன் என்ற வேறொருவர் கையில். அந்த ஹாலுக்கு இவர் போட்ட நாற்காலியின் உயரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 136 செ.மீ.! சாதாரண டைனிங் நாற்காலி ஒரு மீட்டர் கூட வராது. ஓக் மரம். முதுகின் உச்சியில் நீள்வட்டப் பலகை, அதில் பறக்கும் பறவை மாதிரி ஒரு வெட்டு.

எதற்கு இந்த உயரம்? தனியாக ஷீட்டில் பார்த்தால் கிறுக்குத்தனம். ஹாலில் போட்டுப் பாருங்கள். கூட்டம் நிறைந்த பெரிய ரூம். ஒரு மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி போட்டதும், அந்த உயர்ந்த முதுகுகளே ஒரு தடுப்பு மாதிரி சுற்றி நிற்கின்றன. நாலு பேர் உட்கார்ந்தால் ரூமுக்குள் ஒரு ரூம் கிடைத்துவிடுகிறது. சுவர் கட்டும் உரிமை அவருக்கு இல்லை, சுவர் வால்டனுடையது. அதனால் நாற்காலியையே சுவராக்கிவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

1903ல் சாக்கிஹால் தெருவில் வில்லோ டீ ரூம் வந்தபோது வெளிச்சுவர் முதல் உள்ளே மேஜை வரை எல்லாமே அவர் பொறுப்பு. அந்தத் தெருப் பெயருக்கே பழைய ஸ்காட்ஸ் மொழியில் வில்லோ மரத்தோடு சம்பந்தம் உண்டு என்பார்கள். அந்த மரத்தையே பிடித்துக்கொண்டார். முன் ஹாலுக்கும் பின் ஹாலுக்கும் நடுவில் மேற்பார்வை செய்யும் அம்மாள் உட்கார ஒரு நாற்காலி செய்தார் பாருங்கள், 1904ல், அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. முதுகு அரைவட்டமாக வளைந்து நிற்கிறது. குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன மரச்சட்டங்கள். எட்ட நின்று பார்த்தால் அந்தக் கட்டங்கள் சேர்ந்து ஒரு வில்லோ மரமாகத் தெரியும். அந்த நாற்காலி உட்காரவும் ஆயிற்று, ரெண்டு ஹாலுக்கும் நடுவில் தடுப்பாகவும் ஆயிற்று. அதை பிளானில்தான் வரைந்திருக்க முடியும், பிளானுக்கு வெளியே தனியாக யோசித்திருக்கவே முடியாது.

சரி, தச்சு வேலையாகப் பார்த்தால் எப்படி? உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நம்ம கார்ப்பென்டரி ஷாப் இன்ஸ்ட்ரக்டரிடம் இந்த நாற்காலிகளின் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பின்னங்காலும் சீட் சட்டமும் சேரும் இடத்தில் விரலை வைத்தார். அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்த எல்லாருக்கும் தெரியும். சீட்டுக்கு மேல் முதுகு முக்கால் மீட்டருக்கும் மேலே போகிறது. உட்கார்ந்தவர் சாய்ந்து பின்னால் தள்ளினால் விசை ஒரு கோடியில், மொமென்ட் முழுக்க அந்த ஒரு மார்ட்டிஸ்–டெனான் ஜாயின்ட்டில். சட்டமோ மெலிசு. மெக்கின்டாஷ் நாற்காலிகள் தச்சு முறையில் பலவீனமானவை, சாய்ந்து உட்கார வசதி இல்லாதவை என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்தே உண்டு. மரத்தின் ரேகையைக் காட்டி அழகு பார்க்கும் தச்சர் இல்லை அவர். கறுப்புச் சாயமோ வெள்ளைப் பெயின்டோ அடித்து ஜாயின்ட்டையே மறைத்துவிடுவார். இழைப்புளி பிடித்தவர் பார்வையில் இது பாவம். ரூமை வரைந்தவர் பார்வையில் அந்தக் கறுப்பு ஒரு கோடு, வெள்ளைச் சுவர் ஒரு காகிதம். ரெண்டு கட்சிக்கும் நியாயம் உண்டு. நான் இன்ஸ்ட்ரக்டர் கட்சிக்கும் கொஞ்சம் சாய்கிறேன், ஏனென்றால் நாற்காலி என்றால் அதில் ஒருத்தர் உட்காரத்தான் போகிறார்.

இதே காலத்தில் ஜெர்மனியில் ஒரு பத்திரிகை, கலை ரசிகர் ஒருவருக்கு வீடு என்று போட்டி வைத்தது. 1901. மெக்கின்டாஷும் மார்கரெட்டும் சேர்ந்து அனுப்பினார்கள். கேட்ட எண்ணிக்கையில் உள்புறப் படங்கள் குறித்த தேதிக்குள் போய்ச் சேரவில்லை. போட்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள்! டிசைனின் தரத்தைப் பார்த்துத் தனியாக ஒரு பரிசு மட்டும் கொடுத்தார்கள். சப்மிஷன் டேட் விஷயத்தில் உலகம் பூராவும் ஒரே நியாயம்தான் போலிருக்கிறது. அந்த வீடு அவர் காலத்தில் கட்டப்படவே இல்லை. அவர் ஷீட்களை வைத்துக்கொண்டு கிளாஸ்கோ பெல்லாஹூஸ்டன் பூங்காவில் 1989ல் ஆரம்பித்து 1996ல் கட்டி முடித்துத் திறந்தார்கள். தேதி தாண்டிய சப்மிஷன் 95 வருஷம் கழித்து அப்ரூவ் ஆனது!

வியன்னா கண்காட்சியில் 1900ல் கிடைத்த வரவேற்பு, ஐரோப்பாவில் பரவிய பெயர் இதையெல்லாம் புத்தகங்களில் விரிவாகப் போட்டிருக்கிறார்கள். சிவில் நண்பர்களுக்காக ஹில் ஹவுஸ் கதையைச் சொல்கிறேன். ஹெலன்ஸ்பரோ ஊரில் வால்டர் பிளாக்கி என்ற புத்தக வெளியீட்டாளருக்கு 1902 முதல் 1904க்குள் கட்டிய வீடு. பென்சிலைத் தொடும் முன் பிளாக்கி குடும்பம் எப்படிப் பேசுகிறது, எங்கே உட்காருகிறது, பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள் என்று அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்தார். உள்ளே முடிவான பிறகுதான் வெளித் தோற்றம். படுக்கையறை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைச் சுவருக்கு முன் ஏணி மாதிரி முதுகு கொண்ட கறுப்பு நாற்காலி, 140 செ.மீ. அளவு, ஏணிப்படிகள் தரை வரை இறங்கும். இன்றைக்குக் கடைகளில் நகல் விற்பது பெரும்பாலும் இதுதான். உட்கார அல்ல, அந்த இடத்தில் நிற்க.

ஆனால் வெளிச்சுவரில் ஒரு பரிசோதனை செய்தார். ஊர் வழக்கமான சுண்ணாம்புப் பூச்சுக்குப் பதில் அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த போர்ட்லேண்ட் சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சில் முடி அளவு விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்து மழையோ வருஷம் முழுக்க. நூறு வருஷத்தில் சுவர் ஊறிப்போய்விட்டது. 2019ல் வீட்டையே மூடி, மேலே கூரை, சுற்றிலும் இரும்பு வலையாக ஒரு பிரம்மாண்டக் கூண்டு கட்டி, வீட்டைக் காய வைத்தார்கள். பூச்சு வேலையில் மெட்டீரியல் மாற்றும்போது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய டெமான்ஸ்ட்ரேஷன் கிடையாது.

ஆர்ட் ஸ்கூலின் மேற்குப் பாதிக்குப் பணம் சேர எட்டு வருஷம் ஆயிற்று. 1907ல் தொடங்கி 1909ல் முடிந்தது. அதற்குள் மெக்கின்டாஷ் வேறு ஆளாக வளர்ந்திருந்தார். பழைய டிசைனை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு மேற்கு முகப்பைப் புதிதாக வரைந்தார். மேலே ஒரு தளம் கூட்டினார். தீப்பிடித்தால் மாணவர்கள் வெளியேற வசதியாகக் கூடுதல் மாடிப்படிகள் வைத்தார். லைப்ரரிதான் உச்சம். ரெண்டு தள உயரம். கருமையான மரத்தூண்கள் மரக்காடு மாதிரி மேலே ஏறும். பால்கனி தூண் வரை வராமல் சற்று உள்வாங்கி நிற்கும், நடுவில் வரும் சட்டங்களின் முனையில் சின்னச் சின்ன வெட்டு, வெட்டில் நிறம். மேஜை, நாற்காலி, விளக்கு எல்லாம் அதே கையால். படிக்கிற பையன் தலைநிமிர்ந்து பார்த்தால் தான் உட்கார்ந்த நாற்காலியும் மேலே இருக்கும் கூரையும் ஒரே குடும்பம் என்று தெரிந்திருக்கும்.

அதன் பிறகு சொல்வதற்கு அதிகம் இல்லை, இருப்பதும் சந்தோஷமானதில்லை. வேலை குறைந்தது. குடி கூடியது. பார்ட்னர்களோடு ஒத்துப்போகவில்லை. முதல் உலக யுத்தம் தொடங்கிய காலத்தில் ஆபீஸை விட்டு விலகி, வால்பர்ஸ்விக் என்ற கடற்கரைக் கிராமத்தில் பூக்களை வரைந்துகொண்டிருந்தார். வியன்னா நண்பர்களின் கடிதங்கள், சாயங்கால வேளையில் கடலோரம் நடக்கும் பழக்கம், புரியாத ஸ்காட்லாந்து உச்சரிப்பு எல்லாம் சேர்ந்து 1915ல் ஒற்றன் என்ற சந்தேகம் கிளம்பிற்று! ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. லண்டனில் செல்சீயில் வாசம். பொம்மை ரயில் செய்து விற்ற பாசெட்-லோக் என்பவருக்கு நார்தாம்ப்டனில் ஒரு வீட்டை 1916-17ல் மாற்றியமைத்தார். அதுதான் ஏறக்குறைய கடைசிப் பெரிய வேலை. 1923ல் தம்பதிகள் தெற்கு பிரான்ஸுக்குப் போனார்கள், செலவு கம்மி என்று. போர்-வாந்த்ர் துறைமுகத்தில் வாட்டர் கலர் படங்கள். அவற்றில் பாறையும் வீடும் ஒரே மாதிரி கட்டமைப்போடு நிற்கும். கட்டடம் கட்டக் கிடைக்காதவர் மலையைக் கட்டியிருக்கிறார். நாக்கில் புற்றுநோய் வந்து 1927ல் லண்டன் திரும்பி, அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். வயது 60.

மார்கரெட் 1933 ஜனவரியில் இறந்ததும் இருவரின் ஸ்டுடியோப் பொருள்களை மதிப்பீடு செய்தார்கள். நாற்காலி, டிராயிங், ஓவியம் எல்லாம் சேர்த்து 88 பவுண்டுச் சொச்சம். மாணவனாக வாங்கிய பரிசே 60 பவுண்டு என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

அதே 1933ல் கிளாஸ்கோவில் நினைவுக் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். இடம் சாக்கிஹால் தெரு மெக்லெல்லன் கேலரி. ராத்திரி வகுப்பு நடந்ததே, அந்தக் கலைக்கூடக் கட்டடம்தான். அப்புறம் 1952ல் தாமஸ் ஹோவர்த் எழுதிய பெரிய வரலாற்றுப் புத்தகம் வந்தது. நாற்காலிகளை இத்தாலியக் கம்பெனி மறுபடி தயாரித்து விற்றது. ஒரிஜினல்கள் ஏலத்தில் லட்சக்கணக்கான பவுண்டுக்குப் போக ஆரம்பித்தன.

கட்டடத்தின் கதை பாக்கி இருக்கிறது. 2014 மே 23. பைனல் இயர் மாணவர்கள் தங்கள் ப்ராஜெக்டை எல்லாம் கண்காட்சிக்காக அடுக்கிக்கொண்டிருந்த நாள். நம்ம எக்ஸ்போவுக்கு முந்தின நாள் எப்படி இருக்கும், அதே கலவரம்தான். ஒரு மாணவ வேலைக்காக உபயோகித்த நுரை ஸ்பிரேயிலிருந்து கிளம்பிய வாயு, சூடான புரொஜெக்டர் மேல் பட்டுப் பற்றிக்கொண்டது. மேலே சொன்ன டக்ட் இருக்கிறதல்லவா, காற்றுக்காகப் போட்ட பாதையில் தீ ஏறிப் போயிற்று. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தீயணைப்புக்காரர்கள் கட்டடத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றினார்கள். லைப்ரரி போய்விட்டது. புதுப்பிக்கும் வேலை முடியும் தறுவாயில் 2018 ஜூன் 15 இரவு இரண்டாவது தீ. இந்தத் தடவை சுவர்கள்தான் மிஞ்சின. 2022ல் வந்த விசாரணை அறிக்கையும் இரண்டாவது தீயின் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றே முடித்தது.

2014 தீயில் லைப்ரரியைப் பற்றி உலகம் பூராவும் அழுதது. அதே தீயில் அந்த பேட்ச் பையன்கள், பெண்கள் பல பேருடைய வருஷ உழைப்பும், மாடலும் கான்வாஸுமாக, சாம்பலாயிற்று. வேலையை இழந்த ஏறக்குறைய நூறு பேருக்கு ஸ்காட்லாந்து அரசாங்கம் பணம் கொடுத்து, இடம் கொடுத்து, மறுபடி செய்யச் சொன்னது. 2015ல் அவர்கள் கண்காட்சி வைத்தார்கள்.